இடிப்பதற்காகக் கட்டிய சுவர்

ஜனவரி 8, புதன்

கூட்டத்துக்கு வராதவன் தலையில் பொறுப்பைக் கட்டுவது எங்கள் பல்கலைக்கழகத்தின் நெடுநாள் வழக்கம். இன்று காலை காஸ் சிலிண்டர் வருமென்று வீட்டில் காத்திருந்தேன். சிலிண்டர் வரவில்லை. பொறுப்பு வந்துவிட்டது.

மதியம் துணைவேந்தர் பொன்னுரங்கம் கூப்பிட்டு விவரம் சொன்னார். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் ஒன்றாக இணைந்தால் அரசாங்கம் கோடிக்கணக்கில் பணம் தரப்போகிறதாம். ‘உயர்கல்வி ஒருங்கிணைப்பு நிதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மேலப்பாறைப் பல்கலைக்கழகமாகிய நாங்களும் கீழப்பாறைப் பல்கலைக்கழகமாகிய அவர்களும் ஒரே பொட்டலில்தான் இருக்கிறோம். இருபது வருடத்துக்கு முன்பு ஒன்றாகத்தான் இருந்தோம். எதற்காகப் பிரித்தார்கள் என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. பிரிந்ததற்கும் அப்போது ஒரு நிதி வந்தது என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

எங்கள் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் புவியியல் துறை அம்பலவாணன், அதாவது நான். அவர்கள் பக்கத்துக்கு யார் என்று கேட்டேன். பொன்னுரங்கம் மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். பிறகு, வேதியியல் துறை சௌந்தரநாயகி என்றார்.

சௌந்தரநாயகி என் மனைவி. அங்கே மாணவியர் விடுதிக்கு வார்டன். வார்டனுக்கென்று விடுதி வாசலில் தனி வீடு உண்டு. அதில்தான் தங்க வேண்டுமென்று விதி இருப்பதால் இரண்டு வருடமாக அங்கே இருக்கிறாள். மற்றபடி ஒன்றுமில்லை. அங்கே தண்ணீரும் நன்றாக இருக்கும்.

ராத்திரி தோசை. மாவு புளித்துவிட்டது.

ஜனவரி 20, திங்கள்

முதல் கூட்டுக் கூட்டம். காலை முழுவதும் புதிய பல்கலைக்கழகத்தின் பெயருக்கே போயிற்று. மேலகீழப்பாறை என்றால் அவர்களுக்கு ஆகாது, கீழமேலப்பாறை என்றால் எங்களுக்கு ஆகாது. வெறும் பாறைப் பல்கலைக்கழகம் என்று வைக்கலாமென்று நான் சொன்னேன். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

மதியம் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தோம். ‘இரு நிறுவனங்களுக்கிடையே தற்போது நடைமுறையிலுள்ள ஒத்துழைப்புகள்’ என்று ஒரு கேள்வி. அதற்கு நூறில் முப்பது மதிப்பெண். இரண்டு துணைவேந்தர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சேர்ந்து ஒரு கருத்தரங்கு நடத்தியது உண்டு, அது சாப்பாட்டு வரிசையில் கைகலப்பாகி முடிந்தது. அவர்கள் எங்களிடம் இரவல் வாங்கிய பந்தல் நாற்காலிகளை ஒத்துழைப்பில் சேர்க்கலாமா என்று பேச்சு வந்தது. திருப்பித் தரவில்லையே என்று பொன்னுரங்கம் சொன்னதும் அது வேறு சண்டையாகத் திரும்பப் பார்த்தது.

அப்போதுதான் கீழப்பாறைத் துணைவேந்தர் எஸ்தர் ராஜாமணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன், இவங்க ரெண்டு பேர் இருக்காங்களே. மேலப்பாறைல ஒருத்தர், கீழப்பாறைல ஒருத்தர். இருபத்தாறு வருஷ ஒத்துழைப்பு. வேற எந்த யுனிவர்சிட்டிகிட்ட இருக்கு?”

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். எங்கள் கல்யாணம் ‘இணைப்பு நான்கு’ என்று விண்ணப்பத்தில் ஏறியது. சௌந்தரம் மறுப்பாள் என்று நான் காத்திருந்தேன். நான் மறுப்பேன் என்று அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. இருவரும் தண்ணீர் குடித்தோம்.

கிளம்பும்போது, என் சட்டையில் ஒரு பொத்தான் இல்லையென்றும் பட்டாணி காலையில் சாப்பிட்டானா என்றும் கேட்டாள். பட்டாணி எங்கள் நாய். காலையில் என் வீட்டில் இட்லி, மதியம் பொட்டலைத் தாண்டிப் போய் அவள் வீட்டில் சோறு, சாயங்காலம் மறுபடி இங்கே. எங்கள் குடும்பத்தில் இரண்டு வீட்டிலும் சாப்பிடுகிறவன் அவன் ஒருவன்தான்.

பிப்ரவரி 3, திங்கள்

வரைபடம் வரைந்து கொடுத்தேன். மேற்கே நாங்கள், கிழக்கே அவர்கள், வடக்கே கண்மாய், தெற்கே ஓடை. நடுவில் எல்லைக்கோடு. எல்லையைப் புள்ளிக்கோடாக வரைய வேண்டும், முதலாமாண்டு மாணவனுக்கே தெரியும். ஆனால் மெல்லிய பேனா காய்ந்துவிட்டது. கையில் கிடைத்தது வெள்ளைப்பலகைக்கு அருகில் கிடந்த மார்க்கர். சரி, எல்லை எல்லைதானே என்று கனமாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டேன்.

சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 11, செவ்வாய்

விண்ணப்பம் சென்னைக்குப் போய்விட்டது. முதல் கட்டத் தேர்விலும் வந்துவிட்டோம். இனிப்பு கொடுத்தார்கள். இனிப்பை வாயில் போட்டுக்கொண்டே விண்ணப்பத்தின் நகலைப் புரட்டினேன். ‘இரு வளாகங்களையும் பிரிக்கும் பழைய மதில் சுவரை இடித்து அகற்றுதல்’ என்று ஒரு தலைப்பு, அதற்கு ஒரு பெரிய தொகை. தடைகளை அகற்றுவதற்குத்தான் இந்த நிதியில் அதிகமாகத் தருகிறார்களாம். எங்களுக்கிடையே என்ன தடை இருக்கிறது என்று தேடிய அலுவலகத்தார் என் வரைபடத்தில் இருந்த கனமான கோட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

அங்கே சுவர் கிடையாது. சீமைக்கருவேலமும் நெருஞ்சியும்தான். பிரிந்தபோது சுவர் கட்டப் பணம் போதவில்லை.

ஓடிப்போய்ப் பொன்னுரங்கத்திடம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். விண்ணப்பத்தைத் திருத்தினால் பொய்த் தகவல் கொடுத்ததாகிவிடும், ஏப்ரலில் ஆய்வுக்குழு நேரில் வருகிறது என்றார்.

“சார், வரைபடத்துலதான் இருக்கு. நிலத்துல இல்லை.”

“அப்ப நிலத்தைத்தான் சரிபண்ணணும், அம்பலவாணன்” என்றார்.

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 27, வியாழன்

சுவர் எழும்புகிறது. இடிப்பதற்குப் பணம் வரும், கட்டுவதற்கு வராது என்பதால் இரண்டு பல்கலைக்கழகங்களும் செலவைப் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. கண்மாயிலிருந்து பாதிவரை நாங்கள், ஓடையிலிருந்து பாதிவரை அவர்கள். ஒரு வாய்ச்சண்டை இல்லை, ஒரு குற்றச்சாட்டுக் கடிதம் இல்லை. பிரிந்த நாளிலிருந்து இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் செய்த முதல் வேலை இந்தச் சுவர்தான்.

நடுவில் வந்து சேரும்போதுதான் சிக்கல். எங்கள் சுவரும் அவர்கள் சுவரும் முட்டவில்லை, ஒன்றையொன்று தாண்டிப் போயின. என்னைக் கூப்பிட்டார்கள். என் வரைபடத்தில் அந்த மார்க்கர் கோட்டின் தடிமன், நிலத்தில் ஒரு வாசல் அகலத்துக்கு வருகிறது. எங்கள் ஒப்பந்ததாரர் சேகு கோட்டின் மேற்கு விளிம்பில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், அவர்கள் ஆள் கிழக்கு விளிம்பில். இருவர் மேலும் தப்பில்லை. நடுவில் குறுக்காக ஒரு துண்டுச் சுவர் வைத்து இணைக்கச் சொன்னேன்.

சேகு நல்ல வேலைக்காரர். இடிக்கப்போகிற சுவருக்கு எதற்கு இவ்வளவு சிமெண்ட் என்று கேட்டேன்.

“எனக்கு மோசமா கட்டத் தெரியாது சார்” என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு.

மார்ச் 6, வியாழன்

மதியத்தோடு சுவர் முடிந்தது. வடக்கே கண்மாய் வரை, தெற்கே ஓடைப் பள்ளம் வரை. இனி அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் எங்கள் வாசல் வழியாக நெடுஞ்சாலைக்கு வந்து, ரயில்வே கேட்டைத் தாண்டி, அவர்கள் வாசல் வழியாக உள்ளே நுழைய வேண்டும். நடந்தால் முக்கால் மணி நேரம். முன்பு பொட்டல் வழியே ஐந்து நிமிடம்.

யாரும் யோசிக்காத ஒன்று. சுவரை முடிக்கும்போது பட்டாணி மதியச் சோற்றுக்கு அங்கே போயிருந்தான். அங்கேயே மாட்டிக்கொண்டான்.

சாயங்காலம் இட்லியைத் தட்டில் வைத்துவிட்டேன், மறந்துபோய். வீடு ரொம்ப சத்தமில்லாமல் இருக்கிறது. மின்விசிறியில் ஒரு கிறீச் சத்தம் இருப்பது இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

மார்ச் 8, சனி

பட்டாணியைப் பார்க்கக் கீழப்பாறைக்குப் போனேன். நடந்தே போனேன். ரயில்வே கேட் அடைத்திருந்தது, சரக்கு வண்டி முடிகிற வழியாக இல்லை. முழங்கால் வலி.

வார்டன் வீட்டுக்குள் இன்றுதான் முதல் தடவை போகிறேன். சின்ன வீடு. ஜன்னலோரம் ரோஜாத் தொட்டிகள். தண்ணீர் அங்கேயும் உப்புத்தான்.

சௌந்தரம் கதவைத் திறந்து என்னையும் என் செருப்பின் புழுதியையும் பார்த்தாள். நாய் விஷயமாக வந்தேன் என்றேன். பட்டாணி என்னைப் பார்த்து எழுந்திருக்கக்கூட இல்லை, வாலை மட்டும் தரையில் தட்டினான். காபி கொடுத்தாள். சர்க்கரை அளவு சரியாக இருந்தது.

பேச்சுவாக்கில் சொன்னாள், கோயம்புத்தூரில் ஒரு தனியார் கல்லூரியில் அவளை முதல்வராக வரச்சொல்லிக் கேட்டிருக்கிறார்களாம். நல்ல சம்பளம், வீடு, கார். ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

நல்ல வாய்ப்பு என்று சொன்னேன். அங்கே தண்ணீரும் நன்றாக இருக்கும் என்றேன்.

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

நேற்று பட்டாணியை அழைத்துவர மறந்துவிட்டேன். இன்று மறுபடி போக வேண்டியதாயிற்று.

மார்ச் 14, வெள்ளி

ஞாயிறன்று பட்டாணியை ஆட்டோவில் கொண்டுவந்து வைத்திருந்தேன், அவன் நேற்று முழுக்கச் சுவரடியில் போய் நின்று ஊளையிட்டான். பக்கத்து வீட்டுக் கணிதப் பேராசிரியர் புகார் சொன்னார். பொதுநலன் கருதி இன்று திரும்பக் கொண்டுபோய் விட்டேன். நாய்க்கு இடம் மாறினால் ஒத்துக்கொள்ளாது, அடிக்கடி வந்து பார்க்க வேண்டியிருக்கும் என்று சௌந்தரத்திடம் சொன்னேன். “உங்க நாய், வாங்க” என்றாள்.

பொத்தானைத் தைத்துக் கொடுத்தாள். சட்டையைக் கழற்றச் சொல்லவில்லை. போட்டிருந்தபடியே தைத்தாள். தலையைக் குனிந்து பல்லால் நூலைக் கடித்தாள்.

மார்ச் 22, சனி

சுவர் புதுசாக இருப்பதுதான் இப்போது தலைவலி. விண்ணப்பத்தில் பழைய சுவர் என்று எழுதியாகிவிட்டது. மோரைக் கரைத்து ஊற்றினால் பாசி பிடிக்கும் என்று தாவரவியல் துறை சொன்னது. விடுதிச் சமையலறையிலிருந்து மோர் போயிற்று. மாணவர்களுக்கு மூன்று நாள் மோர் இல்லை. பாசி பிடிக்கவில்லை, எறும்பு பிடித்தது.

சுவரில் பழைய கிறுக்கல்கள் வேண்டுமென்று மாணவர்களை அழைத்துக் கரிக்கட்டி கொடுத்தோம். வகுப்பறைச் சுவர், கழிப்பறைச் சுவர், பேருந்து இருக்கை என்று எதையும் விட்டுவைக்காத பிள்ளைகள், கையில் கரியைக் கொடுத்ததும் வெட்கப்பட்டு நின்றார்கள். ஒரு பையன் கடைசியில் ‘அன்னையைப் போற்று’ என்று எழுதினான். அழித்துவிட்டு ஏதாவது மோசமாக எழுதச் சொல்லிப் பொன்னுரங்கம் அவனைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இன்று சனிக்கிழமை என்பதால் கீழப்பாறையில் சாப்பாடும். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. பட்டாணி நலம்.

ஏப்ரல் 2, புதன்

ஒத்திகை. ஆய்வுக்குழு இணைப்பு நான்கை நேரில் பார்க்க விரும்புமாம். நாங்கள் இருவரும் நிர்வாகக் கட்டடத்திலிருந்து நூலகம் வரை சேர்ந்து நடந்து காட்ட வேண்டும். இரண்டு துணைவேந்தர்களும் பின்னால் வந்து திருத்தம் சொன்னார்கள். இடைவெளி அதிகம் என்றார் எஸ்தர் ராஜாமணி. அதிகம் ஒட்டினால் அரசாங்க நிதிக்கு நன்றாக இருக்காது என்றார் பொன்னுரங்கம். கொஞ்சம் சிரித்துப் பேசிக்கொண்டே நடக்கச் சொன்னார்கள். என்ன பேசுவது என்று கேட்டேன். வீட்டில் என்ன பேசுவீர்களோ அதையே பேசுங்கள் என்றார்கள்.

நாங்கள் பேசாமலேயே நூலகம் வரை போனோம்.

படிக்கட்டு அருகில் சௌந்தரம் திடீரென்று சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தும் முடியவில்லை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். “அரசாங்கச் செலவுல நம்மள வாக்கிங் கூட்டிட்டுப் போறாங்க” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. இது ரொம்ப இயல்பாக இருக்கிறது, இதையே ஆய்வு நாளன்றும் செய்யுங்கள் என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அவளோடு சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை.

ஏப்ரல் 9, புதன்

ஆய்வு முடிந்தது. ஒவ்வொன்றாக எழுத வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது.

குழுவின் தலைவர் பேராசிரியர் சடகோபன், ஓய்வுபெற்றவர். எதைப் பார்த்தாலும் நின்று தொட்டுப் பார்க்கிறவர். கூட இன்னும் இருவர். முதலில் சுவருக்குப் போனார்கள். சடகோபன் சுவரைத் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். “எத்தனை வருஷத்துச் சுவர்?” என்று கேட்டதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிரிந்த காலத்திலிருந்தே இந்த எல்லை இருக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை. அந்தக் காலத்து வேலையே வேலை என்று அவர் வியந்தார். பின்னால் நின்ற சேகுவின் முகம் மலர்ந்துவிட்டது, அவரை யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள்.

மதியம் விருந்தினர் விடுதியில் இணைப்பு நான்கு. நானும் சௌந்தரமும் ஒரு சோபாவில், குழு எதிரே, துணைவேந்தர்கள் இருவரும் கதவோரம். எங்கள் முன்னால் பிஸ்கட் தட்டு. சடகோபன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அச்சடித்த கேள்விகளை ஒன்று விடாமல் படித்தார். இரு நிறுவனங்களும் பகிர்ந்துகொள்ளும் வளங்கள் என்ன?

“ஒரு நாய்” என்றேன்.

குறித்துக்கொண்டார். இணைந்த வெளியீடுகள்?

“ஒரு பொண்ணு. மங்கை. ஐதராபாத்ல வேலை பாக்குறா” என்றாள் சௌந்தரம். அதையும் குறித்துக்கொண்டார்.

அடுத்து, இந்த ஒத்துழைப்பு தடையின்றிச் செயல்பட்டு வருகிறதா என்று கேட்டார். பொன்னுரங்கம் எழுதிக் கொடுத்திருந்த பதில் என் மனப்பாடத்தில் இருந்தது. மிகச் சிறப்பாக, பரஸ்பரப் புரிதலோடு, என்று ஆரம்பித்தேன். சௌந்தரம் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இல்லை சார். ரெண்டு வருஷமா நாங்க தனித்தனியாத்தான் இருக்கோம். வார்டன் வேலை ஒரு சாக்கு. நானாத்தான் கேட்டு வாங்கிட்டுப் போனேன்.”

கதவோரம் ஏதோ விழுந்து உடைந்தது. எஸ்தர் ராஜாமணியின் டீக்கோப்பை என்று பிறகு தெரிந்தது. நான் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது சுட்டது. ஊரறிந்த விஷயம்தான். ஆனாலும் அதை ஒருவர் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்பது இதுவே முதல் தடவை.

சடகோபன் பதறவில்லை. பிரிவுக்குக் காரணம் இந்தச் சுவரா என்று கேட்டார்.

“சுவர் இல்லாதப்ப அஞ்சு நிமிஷ நடை. நடுவுல ஒத்தையடிப் பாதை கூட இருந்துச்சு, எங்க நாய் நடந்து நடந்து போட்ட பாதை. ரெண்டு வருஷத்துல இவரு ஒரு நாள் அதுல நடந்து வந்ததில்லை. சுவர் வந்து, முக்கால் மணி நேரம் சுத்தணும்னு ஆனப்புறம் தினமும் வர்றாரு.”

“தினமும்?”

“இந்த வெயில்ல, முழங்கால் வலியோட. கேட்டா நாயைப் பாக்க வந்தேம்பாரு.”

நாயைப் பார்க்கத்தான் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வந்தது, ஆனால் அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள். கோபமாக இல்லை. அவள் கண் கலங்கியிருந்தது.

சடகோபன் தன் தாளில் ஒரு கோடு கிழித்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றும் எழுதி, கூட வந்த இருவரிடமும் காட்டினார். மூவரும் தலையாட்டினார்கள். முப்பது வருடமாகக் கூட்டு முயற்சிகளை ஆய்வு செய்கிறேன், இப்படித் தெளிவான சான்று கிடைத்ததில்லை என்று எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டார்.

பொன்னுரங்கம் என்னோடு பேசவில்லை. இன்று கீழப்பாறைக்குப் போகவில்லை. போக வெட்கமாக இருந்தது.

ஏப்ரல் 10, வியாழன்

போனேன். சௌந்தரம் நேற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான். “நேத்து பட்டாணி வாசல்லயே படுத்திருந்தான்” என்று மட்டும் சொன்னாள்.

ஏப்ரல் 25, வெள்ளி

அரசாணை வந்துவிட்டது. பொன்னுரங்கம் என்னை அழைத்துத் தன் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஆணையைச் சத்தமாகப் படித்தார். படிக்கப் படிக்கக் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று.

சுவர் இல்லாத காலத்தில் இரு நிறுவனங்களுக்கிடையே ஒத்துழைப்பு ஏதும் நடைபெறவில்லை என்பதும், சுவர் ஏற்பட்ட பின் அது நாள்தோறும் நடைபெறுகிறது என்பதும் நேரடிச் சான்றுகளால் நிறுவப்பட்டுள்ளதாம். ஆகவே தடைகள் ஒத்துழைப்பைத் தூண்டுகின்றன. ஆகவே இணைப்புத் திட்டம் கைவிடப்படுகிறது. இரண்டு பல்கலைக்கழகங்களும் தனித்தனியாகவே நீடிக்கும். சுவரை இடிக்கக் கூடாது. அதைப் பராமரிக்கவும் இன்னும் ஓராள் உயரம் கூட்டவும் ஆண்டுதோறும் நிதி. மாநிலத்தில் அருகருகே உள்ள மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் இதை மாதிரியாகக் கொண்டு சுவர் கட்டித் தருவது பற்றிப் பரிசீலிக்க ஒரு குழு. குழுவில் நானும் ஒருவன்.

இணைந்திருந்தால் வந்திருக்கும் தொகையைவிட இது அதிகம் என்று பொன்னுரங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புதிய ஊழியர் குடியிருப்பில் எனக்கு ஒரு வீடு ஒதுக்கித் தருவதாகவும் சொன்னார். சுவரை ஒட்டியே வேண்டுமா என்று கேட்டார்.

மற்ற பல்கலைக்கழகங்களிலும் கணவன் ஒரு பக்கம் மனைவி ஒரு பக்கமாக யாராவது இருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் பால் திரிந்திருந்தது.

ஏப்ரல் 28, திங்கள்

கோயம்புத்தூருக்குப் பதில் சொல்ல நாளை மறுநாள் கடைசி. சௌந்தரம் அதைப் பற்றிப் பேசுவதேயில்லை. இரண்டு நாள் முன்பு ரோஜாத் தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். தொட்டிகளை வண்டியில் ஏற்ற முடியுமா என்று யோசிக்கிறாள் என்று எனக்குப் பட்டது. நான் கேட்கவில்லை.

அவள் கோயம்புத்தூர் போனால் பட்டாணியும் போவான். அப்புறம் நான் யாரைப் பார்க்க எங்கே போவது? இப்படி எழுதிவிட்டு மேலே பார்க்கிறேன். ஜனவரியிலிருந்து பக்கம் பக்கமாக நாயைப் பற்றி எழுதியிருக்கிறேன். தண்ணீரைப் பற்றி எழுதியிருக்கிறேன். என் பெண் மங்கை இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

அவள் போகக் கூடாது. எனக்கு அவள் வேண்டும். இதுதான் விஷயம்.

ஏப்ரல் 29, செவ்வாய்

சாயங்காலம் சீக்கிரமே கிளம்பினேன். ரயில்வே கேட்டில் நின்றபோது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டேன். அவளுடைய துறைப் பணி, விடுதி மாணவிகள், கோயம்புத்தூரின் போக்குவரத்து நெரிசல் என்று நான்கைந்து காரணங்கள் இருந்தன. எல்லாம் அவளுக்கு நல்லதென்று சொல்லக்கூடியவை. சரக்கு வண்டி நீளமாகப் போயிற்று. அது போய் முடிவதற்குள் அத்தனையும் எனக்கே சலித்துவிட்டது.

அவள் கூடத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பட்டாணி அவள் காலடியில். நான் உட்காரவில்லை.

“போகாத, சௌந்தரம்.”

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை.

“எதுக்கு?”

“எனக்குக் கஷ்டமா இருக்கும்.”

“நாய்க்கா?”

“எனக்கு.”

அவள் இன்னும் இரண்டு பீன்ஸை நறுக்கினாள். முறையாக நறுக்கவில்லை, பெரிசும் சிறிசுமாக இருந்தது. இதைச் சொல்ல இவ்வளவு தூரம் சுற்ற வேண்டுமா என்று கேட்டாள். அவள் எந்தச் சுற்றைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. நான் வந்ததே இல்லை என்று அன்று ஆய்வுக்குழு முன்னால் சொன்னாளே, அந்த இரண்டு வருடமும் மதிய நேரத்தில் அந்த ஒற்றையடிப் பாதையைப் பார்த்தபடி இந்த ஜன்னலில்தான் உட்கார்ந்திருப்பாளாம். நாய் மட்டும் வருமாம். இதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் மடங்குவதற்குள் உயிர் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தாள். கோயம்புத்தூர்க் கல்லூரிச் செயலரிடம், மன்னிக்க வேண்டும், என்னால் வர இயலாது என்று சொன்னாள். அவர் ஏதோ கேட்டிருப்பார் போல. இல்லை, உடம்புக்கு ஒன்றுமில்லை, நல்ல காரணம்தான் என்றாள்.

எனக்குத் துணிச்சல் கூடிவிட்டது. அப்படியென்றால் வீட்டுக்கு வருகிறாயா என்று கேட்டேன். வண்டி சொல்கிறேன், ரோஜாத் தொட்டியெல்லாம் ஏற்றிவிடலாம் என்றேன்.

தலையாட்டி மறுத்தாள்.

“நான் அங்க வரல. நீங்கதான் தினமும் வர்றீங்களே. போறத மட்டும் நிறுத்துங்க.”

ஏப்ரல் 30, புதன்

வேலைக்குச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. சுவரை உயர்த்தச் செங்கல் இறக்கிக்கொண்டிருந்த சேகு, நான் எதிர்த்திசையிலிருந்து வருவதைப் பார்த்துவிட்டு வழி தவறிவிட்டதா சார் என்று கேட்டார். இல்லை என்றேன்.

ராத்திரி தோசை. மாவு புளிக்கவில்லை.